ப்ரீ-வெட் படிக்கச் சின்னக் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா?

ஏப்ரல் மாதம் வந்தால் அமெரிக்காவில் பிள்ளை பள்ளி முடிக்கும் வீடுகளில் இரண்டு மூன்று அனுமதிக் கடிதங்கள் காத்திருக்கும். மே 1-க்குள் ஏதாவது ஒன்றுக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகளுக்குக் கால்நடை மருத்துவராக ஆசை. ஒரு கடிதம் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறது. அதன் நியூ பிரன்ஸ்விக் வளாகத்தில் மட்டும் இளங்கலை மாணவர்கள் 30,000-க்கு மேல். இன்னொன்று டெலவேர் ஆற்றைத் தாண்டி, பென்சில்வேனியாவின் டாயில்ஸ்டவுன் ஊரில் இருக்கும் டெலவேர் வேலி பல்கலைக்கழகத்திலிருந்து. பெயர்தான் பல்கலைக்கழகம், மாணவர்கள் சுமார் 2,000 பேர். இரண்டிலும் பண்ணை இருக்கிறது, அனிமல் சயின்ஸ் பாடம் இருக்கிறது, 'ப்ரீ-வெட்' (கால்நடை மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு) என்ற சொல்லும் இருக்கிறது. எதை எடுப்பது?

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் வழக்கமான பதில்கள் இரண்டு. 'சின்ன இடத்தில் தனிக் கவனம் கிடைக்கும்' என்பார் ஒருவர். 'பெரிய இடத்தில் வசதி அதிகம்' என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மை, இரண்டையும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது. வெட் கல்லூரியின், அதாவது கால்நடை மருத்துவக் கல்லூரியின், சேர்க்கைக் குழு என்ன கேட்கிறது, அதற்கு எவ்வளவு பணம் ஆகும் என்ற இரண்டு முனைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், கல்லூரியின் அளவு மூன்றாவதோ நான்காவதோ வரும் விஷயம் என்பது தெரியும்.

ப்ரீ-வெட் என்று ஒரு பட்டம் கிடையாது

தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் போதுமானால் நேரே பி.வி.எஸ்சி. சேரலாம். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் அப்படித்தான். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டில் டாக்டராக வெளியே வரலாம். அங்கே படித்து வளர்ந்த பெற்றோருக்கு அமெரிக்க முறை குழப்புவது இயல்பு. இங்கே முதலில் ஏதாவது ஒரு கல்லூரியில் நான்கு ஆண்டு இளங்கலை, அதன் பிறகு புதிதாக விண்ணப்பம் போட்டு நான்கு ஆண்டு வெட் கல்லூரி. அதை முடித்தால் டி.வி.எம். பட்டம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் மட்டும் அதே பட்டத்தை வி.எம்.டி. என்று அழைக்கிறது, மற்றபடி வித்தியாசமில்லை.

முதல் நான்கு ஆண்டில் வெட் கல்லூரிக்குத் தேவையான பாடங்களை முடித்துக்கொள்ளும் பாதைக்குத்தான் ப்ரீ-வெட் என்று பெயர். பெரும்பாலும் அது பட்டச் சான்றிதழில் இடம்பெறாது. மேஜர் என்ற முதன்மைப் பாடம் உயிரியலாக இருக்கலாம், அனிமல் சயின்ஸாக இருக்கலாம், வரலாறாகக் கூட இருக்கலாம். பல வெட் கல்லூரிகள் இளங்கலைப் பட்டத்தையே வற்புறுத்துவதில்லை. பாடங்கள் முடிந்திருந்தால் போதும் என்கின்றன. ஆனாலும் சேருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டம் முடித்தவர்களே.

ஆக, 'எங்களிடம் ப்ரீ-வெட் இருக்கிறது' என்று ஒரு கல்லூரி சொல்வதில் பெரிய செய்தி எதுவுமில்லை. உயிரியலும் வேதியியலும் இருக்கிற எந்தக் கல்லூரியும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

சேர்க்கைக் குழுவின் கையில் என்ன இருக்கும்

அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற வெட் கல்லூரிகள் 30-க்கு மேல். அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வி.எம்.சி.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். செப்டம்பர் நடுவில் கெடு முடியும். அந்த விண்ணப்பத்தில் எடை உள்ளவை நான்கு.

1. முன்தேவைப் பாடங்கள். பொது உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், புள்ளியியல் ஆகியவை அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு. மரபியல், நுண்ணுயிரியல், உடலியங்கியல், விலங்கு ஊட்டச்சத்து போன்றவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

2. ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி. ஒன்றல்ல, மூன்று: மொத்தப் படிப்புக்கு ஒன்று, அறிவியல் பாடங்களுக்கு ஒன்று, கடைசியாக எடுத்த 45 கிரெடிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) ஒன்று. முதல் ஆண்டில் தடுமாறிய பிள்ளைக்கு இந்த மூன்றாவது ஜிபிஏ பெரிய ஆறுதல்.

3. மணிக்கணக்கு. கால்நடை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்தது 'வெட் அனுபவம்'. மருத்துவர் இல்லாமல் பண்ணையிலோ காப்பகத்திலோ குதிரை லாயத்திலோ செய்தது 'விலங்கு அனுபவம்'. இரண்டும் விண்ணப்பத்தில் தனித்தனி. ஆராய்ச்சிக்கும் தனி இடம் உண்டு.

4. பரிந்துரைக் கடிதங்கள். குறைந்தது மூன்று. அதில் ஒன்றாவது கால்நடை மருத்துவர் எழுதியதாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்கள் எதிர்பார்க்கின்றன.

கட்டுரைகள், நேர்காணல், சில இடங்களில் காஸ்பர் என்ற சூழ்நிலைத் தேர்வு ஆகியவை இதற்கு மேல் வரும். ஜி.ஆர்.இ. என்ற மேற்படிப்புப் பொதுத் தேர்வைப் பெரும்பாலானவை கைவிட்டுவிட்டன. இளங்கலை எங்கே படித்தார் என்பது? பாடச்சுமை எவ்வளவு கடினம் என்பதைச் சில குழுக்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பெரிய பெயர் உள்ள இடத்தில் வாங்கிய 3.2, பெயர் தெரியாத இடத்தில் வாங்கிய 3.8-ஐத் தோற்கடிக்கும் என்று நம்புகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

வேதியியல் சங்கிலி

கல்லூரியின் அளவு உண்மையிலேயே வேலை செய்யும் முதல் இடம் கால அட்டவணை. யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. வளாகம் சுற்றிக் காட்டுகிறவர் நூலகத்தைக் காட்டுவார், அட்டவணையைக் காட்ட மாட்டார்.

பொது வேதியியல் முடித்தால்தான் கரிம வேதியியல், அதை முடித்தால்தான் உயிர்வேதியியல். ஆண்டுக்கு ஒன்றாக வைத்தால் முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று போகும். மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் விண்ணப்பம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நழுவினால் ஓர் ஆண்டு போய்விடும்.

சின்னக் கல்லூரியில் உயிர்வேதியியலுக்கோ நுண்ணுயிரியலுக்கோ ஒரே ஒரு பேராசிரியர் இருப்பார். அவர் விடுப்பில் போனால் பாடம் இல்லை. ஆண்டுவிட்டு ஆண்டு நடத்தும் இடங்களும் உண்டு. விலங்கு ஊட்டச்சத்து என்ற பாடமே இல்லாத கல்லூரிகள் ஏராளம். பெரிய பல்கலைக்கழகத்தில் நேர்மாறான சிக்கல்: பாடம் ஒவ்வொரு பருவத்திலும் நடக்கும், ஆனால் லேப்பில் இடம் இருக்காது. நர்சிங்குக்கும் ப்ரீ-மெட்டுக்கும் இன்ஜினியரிங்குக்கும் போகிற எல்லோரும் அதே வேதியியல் வகுப்பில்தான் முண்டுவார்கள். முந்நூறு பேர் உட்காரும் அரங்கத்தில், வடிகட்டுவதற்காகவே நடத்துவது போல ஒரு முதலாண்டு வேதியியல் நடக்கும். மதிப்பெண்ணை வளைகோட்டில், அதாவது மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு, போடும் வகுப்பாக இருந்தால் நல்ல மாணவரும் பி வாங்குவார்.

விடுபட்ட ஒரு பாடத்தைக் கோடையில் வேறு கல்லூரியிலோ ஆன்லைனிலோ எடுத்துக்கொள்ளலாம். இது பெரிய குறை ஆகாது. ஆனால் எந்த வெட் கல்லூரி அதை ஏற்கும், லேப் நேரில் செய்திருக்க வேண்டுமா, பள்ளியில் எழுதிய ஏ.பி. என்ற கல்லூரித் தரத் தேர்வின் கிரெடிட்டை ஒப்புக்கொள்வார்களா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். போக நினைக்கும் நாலைந்து வெட் கல்லூரிகளின் பட்டியலை முதலாண்டிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மாடு எங்கே இருக்கிறது, அதைத் தொட விடுவார்களா

மாநிலப் பெரும் பல்கலைக்கழகங்கள் பலவும் 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டத்தில் பிறந்தவை. விவசாயமும் தொழிற்கல்வியும் சொல்லிக்கொடுக்க மத்திய அரசு நிலம் கொடுத்தது. அயோவா ஸ்டேட், கான்சாஸ் ஸ்டேட், பர்டூ, டெக்சாஸ் ஏ அண்ட் எம், ரட்கர்ஸ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். அதனால் பண்ணையும் தொழுவமும் அவற்றோடு கூடப் பிறந்தவை. ரட்கர்ஸில் குக் வளாகத்துப் பண்ணையில் குதிரை, செம்மறி, பன்றி எல்லாம் உண்டு, அதுவும் ஊரை ஒட்டியே.

சின்னக் கல்லூரி என்றாலே செங்கல் கட்டடமும் இலக்கிய வகுப்பும்தான் என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜியாவில் பெர்ரி கல்லூரி என்று ஒன்று. மாணவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். வளாகமோ 27,000 ஏக்கர். ஜெர்சி பசு மந்தையைப் பார்த்துக்கொள்வதில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. டெலவேர் வேலிக்கு இன்னும் சுவையான கதை. ஜோசப் கிராஸ்காப் என்ற யூத குரு 1894-இல் ரஷ்யா போய் டால்ஸ்டாயைப் பார்த்தார். நகரத்துச் சேரிகளில் அடைந்து கிடக்கும் இளைஞர்களுக்கு உழவு கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பி, 1896-இல் தொடங்கிய பண்ணைப் பள்ளிதான் இன்றைய டெலவேர் வேலி.

அளவை விட முக்கியமான கேள்வி, முதலாண்டு மாணவர் விலங்கைத் தொட முடியுமா என்பதுதான். பெரிய பல்கலைக்கழகத்தில் மந்தை பெரிதாக இருக்கும். அனிமல் சயின்ஸ் மாணவர்களும் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். கன்று ஈனும் இரவில் தொழுவத்தில் நிற்க ஒரு பட்டியல் போடுவார்கள், அந்தப் பட்டியலில் பெயர் வர மூன்றாம் ஆண்டு ஆகலாம். பண்ணை உள்ள சின்னக் கல்லூரியில் முதல் மாதமே முட்டிவரை சேறோடு அறைக்குத் திரும்பலாம். பண்ணை இல்லாத சின்னக் கல்லூரியில் பசுவைப் பார்க்கவே கார் வேண்டும். இந்த மூன்றாவது வகையை எடுத்தால் மற்ற எல்லாவற்றையும் மாணவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வெட் அனுபவம் இதிலிருந்து தனி. அதற்குப் பண்ணை போதாது, மருத்துவர் வேண்டும். நாய் பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்கில் 800 மணி நேரம் நின்றவரை விட, அங்கே கொஞ்சம், பால்பண்ணைக்குப் போகும் மருத்துவருடன் கொஞ்சம், காட்டுயிர் மறுவாழ்வு மையத்தில் கொஞ்சம் என்று பார்த்தவருக்கு நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். கல்லூரியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் எத்தனை வகைக் கிளினிக்குகள் இருக்கின்றன, எத்தனை ப்ரீ-வெட் மாணவர்கள் அவற்றின் கதவைத் தட்டுகிறார்கள்? வரைபடத்தைத் திறந்து பத்து நிமிடம் செலவழித்தால் முதல் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

'வளாகத்திலேயே வெட் கல்லூரி' என்ற மயக்கம்

யூசி டேவிஸ், கார்னெல், ஒஹாயோ ஸ்டேட் போன்ற இடங்களில் இளங்கலையும் வெட் கல்லூரியும் ஒரே வளாகம். இங்கே நுழைந்துவிட்டால் அங்கே இடம் பாதி உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. இளங்கலையில் சேர்ப்பவர்கள் வேறு, வெட் கல்லூரிக்கு எடுப்பவர்கள் வேறு.

கிடைப்பது வேறு சில: மருத்துவமனையில் தன்னார்வலராக நிற்கும் வாய்ப்பு, ஆய்வகத்தில் வேலை, வெட் மாணவர்களோடு பேச்சு. ஆனால் அதே வாய்ப்புக்கு வரிசையில் நிற்பவர்களும் அங்கேதான் அதிகம். உள்ளூர் கிளினிக்குகள் எல்லாம் ப்ரீ-வெட் பிள்ளைகளால் நிரம்பி வழியும் ஊர்கள் இவை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். மிசிசிப்பி ஸ்டேட், கான்சாஸ் ஸ்டேட் போன்ற சில இடங்களில் பள்ளி முடிக்கும்போதோ இளங்கலையின் தொடக்கத்திலோ வெட் கல்லூரிக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும் திட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட ஜிபிஏவைக் காப்பாற்றினால் இடம் நிச்சயம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கும் அயோவா ஸ்டேட்டுக்கும் இடையே வெட் படிப்பின் முதல் இரண்டு ஆண்டு இங்கே, அடுத்த இரண்டு அங்கே என்று ஓர் ஏற்பாடும் உண்டு. இப்படி ஒன்று கைக்குக் கிடைத்தால் சிறியதா பெரியதா என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கடிதம் எழுதப்போவது யார்

சின்னக் கல்லூரியின் உண்மையான பலம் இங்கே. இருபது பேர் இருக்கும் கரிம வேதியியல் வகுப்பில் பேராசிரியருக்கு எல்லோர் பெயரும் தெரியும். லேப்பை அவரே நடத்துவார். மூன்று ஆண்டு கழித்துக் கடிதம் கேட்டால், இந்தப் பெண் முதல் தேர்வில் தோற்றாள், பிறகு என்ன செய்தாள் என்று எழுத அவரிடம் சொந்த நினைவு இருக்கும். முந்நூறு பேர் வகுப்பில் ஏ வாங்கியவருக்கு, 'இந்த மாணவர் என் வகுப்பில் ஏ வாங்கினார்' என்றுதான் கடிதம் வரும். அது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது.

பெரிய இடத்திலும் இதைச் சரிக்கட்ட முடியும். இரண்டாம் ஆண்டில் ஓர் ஆய்வகத்தில் நுழைந்து இரண்டு ஆண்டு அங்கேயே இருந்தால், அங்கிருந்து வரும் கடிதம் எந்தச் சின்னக் கல்லூரிக் கடிதத்துக்கும் குறைந்ததாக இராது. கதவைத் தட்டிக் கேட்கும் கூச்சமில்லாத பிள்ளைக்குப் பெரிய இடம் ஒத்துப்போகும். கேட்கவே தயங்கும் பிள்ளை அங்கே நாலு வருடமும் யாருக்கும் தெரியாமல் இருந்துவிட்டு வரலாம். இது கல்லூரியைப் பற்றிய கேள்வி இல்லை, பிள்ளையைப் பற்றியது. பெற்றோருக்குத்தான் விடை தெரியும்.

ஆராய்ச்சிக்குச் சின்னக் கல்லூரியில் வழியில்லை என்ற கவலை கொஞ்சம் மிகை. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் கோடைதோறும் பல பல்கலைக்கழகங்களில் ஆர்.இ.யு. என்ற ஆராய்ச்சிப் பயிற்சி நடக்கிறது. தங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி வசதி குறைந்த மாணவர்களை அது குறிப்பாகவே தேடி எடுக்கிறது.

'எங்கள் மாணவர்களில் 95 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது'

இப்படி ஓர் எண்ணைச் சின்னக் கல்லூரிகளின் கையேட்டில் பார்க்கலாம். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

எண்ணை மட்டும் விளக்க ஒரு கற்பனைக் கணக்கு. முதலாண்டில் 60 பேர் ப்ரீ-வெட் என்று கை தூக்குகிறார்கள். கரிம வேதியியல் முடிந்ததும் 25 பேர் மிச்சம். ஜிபிஏ குறைந்தவர்களிடம் ஆலோசகர் 'இந்த ஆண்டு போட வேண்டாம்' என்கிறார். 10 பேர் விண்ணப்பிக்கிறார்கள். முதல் முறை 6 பேருக்கு, அடுத்த ஆண்டு மேலும் 3 பேருக்குக் கிடைக்கிறது. கையேட்டில் 90 சதவீதம். சேர்ந்த அறுபது பேரில் பார்த்தால் 15 சதவீதம். இரண்டுமே சரியான எண்கள்தான்.

நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் சமீப ஆண்டுகளில் விண்ணப்பிப்பவர்கள் பத்தாயிரத்தை ஒட்டி. ஏறக்குறைய இரண்டு இரண்டரை பேருக்கு ஓர் இடம் என்ற கணக்கு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை போட்டு இடம் பிடிப்பவர்கள் நிறைய. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கில் வழியில் இறங்கிப்போன ஐம்பது பேர் என்ன ஆனார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பெரிய பல்கலைக்கழகத்தில் அவர்கள் திரும்புவதற்கு நூறு துறைகள் இருக்கும்: உணவு அறிவியல், பொது சுகாதாரம், புள்ளியியல், காட்டுயிர் மேலாண்மை. சின்னக் கல்லூரியில் உயிரியலை விட்டால் நாலைந்து வாசல்தான். பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபதில் மாறும் என்பதை மனத்தில் வைத்தால் இது சிறிய விஷயமல்ல.

மாநிலம்: யாரும் கவனிக்காத பெரிய எடைக்கல்

வெட் கல்லூரி இடம் கிடைப்பதையும் அதன் விலையையும் கல்லூரியின் அளவை விட அதிகமாகத் தீர்மானிப்பது விண்ணப்பதாரர் எந்த மாநிலத்தவர் என்பதுதான். அரசு வெட் கல்லூரிகள் தம் மாநிலத்தவருக்குத் தனி இடம் ஒதுக்குகின்றன, கட்டணமும் குறைவு. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் பெரும்பாலான இடங்கள் டெக்சாஸ்காரர்களுக்கே. வெட் கல்லூரி இல்லாத மாநிலங்கள் அண்டை மாநிலத்தில் இடங்களை விலைக்கு வாங்கி வைக்கின்றன: கென்டக்கி மாணவர்களுக்காக அலபாமாவின் ஆபர்னில் இடங்கள் இருக்கின்றன. வயோமிங், நியூ மெக்சிகோ போன்ற மேற்கு மாநிலங்களுக்கு வைச்சி என்ற கூட்டமைப்பின் வழியாகக் கட்டண உதவி உண்டு.

நியூ ஜெர்சிக்கு நெடுங்காலம் சொந்த வெட் கல்லூரி இல்லை. ரோவன் பல்கலைக்கழகத்தின் வெட் கல்லூரி 2025-இல்தான் முதல் வகுப்பை எடுத்தது.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. நம் நியூ ஜெர்சிப் பெண் டாயில்ஸ்டவுனில் நான்கு ஆண்டு படித்தால் பென்சில்வேனியாக்காரி ஆகிவிட மாட்டாள். படிப்பதற்காக வந்து தங்கியதை மாநிலங்கள் பொதுவாகக் குடியிருப்பாக ஏற்பதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வெட் கல்லூரி தனியார் என்றாலும் பென்சில்வேனியா மாநிலத்தவருக்குக் கட்டணத்தைக் குறைக்கிறது. அந்தச் சலுகையை நம்பி ஆற்றைத் தாண்டினால் ஏமாற்றம்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு. வெளி மாநிலத்தவர் வெட் படிப்பின் முதல் ஆண்டு முடிந்ததும் உள்ளூர்க் கட்டணத்துக்கு மாறிக்கொள்ள ஒஹாயோ ஸ்டேட், மிசௌரி போன்ற சில இடங்கள் வழி வைத்திருக்கின்றன.

2026-க்குப் பிறகு பணக் கணக்கு மாறிவிட்டது

இந்த ஆண்டுகளில் இந்தக் கேள்வி சூடாகியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

2006-இலிருந்து, முதுநிலை, தொழிற்படிப்பு மாணவர்கள் கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடனில் படிப்புச் செலவு முழுவதையும் எடுக்க முடிந்தது. ஆண்டுக்கு 90,000 டாலர் ஆனால் 90,000-மும் கிடைக்கும். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இதை 2026 ஜூலை 1 முதல் நிறுத்துகிறது. அதற்குப் பதில் வெட் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. பெற்றோர் எடுக்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கும் ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது.

தனியார் வெட் கல்லூரியிலோ வெளி மாநிலக் கட்டணத்திலோ நான்கு ஆண்டுக்குச் சாப்பாடு, வாடகை உட்பட மூன்று லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆண்டுக்கு 80,000 என்று வைத்துக்கொண்டால் 50,000 போக 30,000 துண்டு விழும். நான்கு ஆண்டில் 1,20,000. அது குடும்பச் சேமிப்பிலிருந்தோ, இணைக் கையெழுத்துக் கேட்கும் தனியார் கடனிலிருந்தோ வர வேண்டும்.

முன்பு 'இளங்கலையில் கொஞ்சம் கூடச் செலவானால் என்ன, கடைசியில் டாக்டர்தானே' என்று சொல்ல முடிந்தது. இப்போது இளங்கலையில் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும், பிறகு அந்தத் துண்டை அடைக்க இல்லாமல் போகும் டாலர். வெட் மருத்துவரின் சம்பளம் மனித மருத்துவரின் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிப் படித்துப் பட்டம் பெறுகிறவர்களின் சராசரிக் கடன் ஏற்கெனவே ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல்.

இதைச் சொன்னவுடன் 'அப்படியானால் அரசுப் பல்கலைக்கழகம்தான்' என்று முடித்துவிடத் தோன்றும். பாதிதான் சரி. தனியார் சின்னக் கல்லூரிகள் கையேட்டில் போடும் கட்டணம் துணிக்கடை ஸ்டிக்கர் விலை மாதிரி. முழுசாகக் கட்டுகிறவர்கள் குறைவு. நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளைக்குப் பாதிக்கு மேல் தள்ளுபடி கிடைப்பது வழக்கம். கணக்கிட வேண்டியது தள்ளுபடி போக நிற்கும் தொகை, அதுவும் நான்கு ஆண்டுக்கு. உதவித்தொகைக்கு ஜிபிஏ நிபந்தனை இருக்கிறதா என்பதும் முக்கியம். கரிம வேதியியலில் ஒரு சி வந்ததால் இரண்டாம் ஆண்டில் உதவித்தொகையை இழப்பது அபூர்வமில்லை.

விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 பிள்ளைக்கும் மாணவர் விசாவான எஃப்-1-இல் வந்தவருக்கும் மத்திய அரசுக் கடனே கிடையாது. மேலே சொன்ன ஆர்.இ.யு. பயிற்சிக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். வெளிநாட்டவரை எடுக்காத அரசு வெட் கல்லூரிகளும் உண்டு. இவர்கள் இளங்கலையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே வெட் கல்லூரிப் பட்டியலைப் பார்த்துவிடுவது உத்தமம்.

சின்னக் கல்லூரி நான்கு ஆண்டு தாங்குமா

சில ஆண்டுகளுக்கு முன் இது விசித்திரமான கேள்வியாக இருந்திருக்கும். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் இருந்த பெக்கர் கல்லூரி விலங்கு மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்குப் பெயர் பெற்றது. வளாகத்திலேயே விலங்கு கிளினிக் வைத்திருந்தது. 2021-இல் மூடிவிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் குதிரைப் படிப்புக்குப் பேர்போன கேசனோவியா கல்லூரி 2023-இல் மூடியது. வர்ஜீனியாவின் ஸ்வீட் பிரையர் 2015-இல் மூடுவதாக அறிவித்து, பழைய மாணவிகள் திரண்டு பணம் சேர்த்ததால் பிழைத்தது.

மூடும் கல்லூரியின் மாணவர் வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம், கிரெடிட் போய்விடாது. ஆனால் ப்ரீ-வெட் மாணவருக்கு இழப்பு அதிகம். வேதியியல் சங்கிலி அறும், கடிதம் எழுத வேண்டிய பேராசிரியர் வேலை தேடிப் போய்விடுவார், பழகிய கிளினிக்கை விட்டு ஊர் மாற வேண்டும். ஐந்து ஆண்டு மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா, துறைகளை மூடிக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

வளாகத்துக்குப் போகும்போது கேட்க வேண்டியவை

1. உயிர்வேதியியல், மரபியல், நுண்ணுயிரியல் மூன்றும் கடந்த மூன்று ஆண்டில் எந்தெந்தப் பருவத்தில் நடந்தன? முதலாண்டு வேதியியல் லேப்பில் எல்லோருக்கும் இடம் கிடைத்ததா?

2. முதலாண்டில் ப்ரீ-வெட் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் கடைசியில் விண்ணப்பித்தார்கள், முதல் முறையிலேயே எத்தனை பேருக்குக் கிடைத்தது?

3. முதலாண்டு மாணவர் தொழுவத்தில் வேலை செய்யலாமா? அதற்குச் சம்பளம் உண்டா?

4. சென்ற ஆண்டு வெட் கல்லூரிக்குப் போனவர்கள் மணி நேரத்தை எந்தக் கிளினிக்கில் சேர்த்தார்கள்? கார் இல்லாமல் அங்கே போக முடியுமா?

5. ப்ரீ-வெட் ஆலோசகர் தனியாக இருக்கிறாரா, ப்ரீ-மெட் ஆலோசகரே இதையும் பார்க்கிறாரா? பின்னது என்றால் மூன்று வெட் கல்லூரிகளின் முன்தேவை வித்தியாசத்தை அவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் முகமே சொல்லிவிடும்.

சரி, ரட்கர்ஸும் டெலவேர் வேலியும். இரண்டிலும் பண்ணை இருப்பதால் விலங்கு அனுபவத்தில் பெரிய வித்தியாசம் வராது. சின்ன இடத்தில் சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவே. கடிதத்தில் டெலவேர் வேலி முந்தும். மனம் மாறினால் ரட்கர்ஸ் பத்து வாசல் திறந்து வைத்திருக்கும். மாநிலவாசம் எங்கே படித்தாலும் நியூ ஜெர்சிதான். மிச்சம் இருப்பது நான்கு ஆண்டுக்கான நிகரத் தொகை. அது ரட்கர்ஸில் 40,000 டாலர் குறைவாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நாற்பதாயிரம் வெட் கல்லூரியில் ஓர் ஆண்டுக்கு மேலான துண்டை அடைக்கும். கூச்சமில்லாத பிள்ளையாக இருந்தால் ரட்கர்ஸுக்குத்தான் என் ஓட்டு. வித்தியாசம் சில ஆயிரம்தான், பிள்ளையும் வாய் திறந்து கேட்கத் தயங்குபவள் என்றால் ஆற்றைத் தாண்டலாம். அதற்கு முன் ஒரு வேலை: ரட்கர்ஸின் தொகையைச் சொல்லி, இன்னும் குறைக்க முடியுமா என்று டெலவேர் வேலியின் நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். தனியார் கல்லூரிகளில் அப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மே 1-க்கு இரண்டு வாரம் முன்னால் கேட்டால் பதில் வரவும் நேரம் இருக்கும்.